கிரெச் காசும் சுங்குவார்சத்திரத்துப் பூட்டும்

பதினோரு வருடம் என் வேலை அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவதாக இருந்தது. ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தரும் ஒரு தொழிற்சாலையின் நலப்பிரிவில் உதவியாளராக இருந்தேன். போன வருடம் ஐம்பத்தெட்டு முடிந்து வெளியே வந்தேன்.

சென்ற மாதம், என் இடத்துக்கு வந்திருக்கும் நித்யா போன் செய்தாள். "மேடம், கிரெச் காசு முழுக்க ஆப்ல வந்துடுச்சு. அம்மா, குழந்தை, பாத்துக்குறவங்க மூணு பேரும் சேந்தாப்புல ஒரு போட்டோ எடுத்து ஏத்திட்டா போதும். வீட்டுக்குப் போற வேலையே இல்ல. நீங்கல்லாம் எப்படித்தான் பஸ் ஏறி ஏறிப் போனீங்களோ!" என்று சிரித்தாள்.

நல்ல பெண். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாலாஜாபாத்தில் என் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் சொன்ன மாதிரியே ஒரு போட்டோ என் கண்முன் வந்தது. அதிலும் மூன்று பேர் சேர்ந்துதான் நின்றார்கள். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தப் போட்டோவை நம்பியிருந்தால் ஒரு குழந்தை செத்துப்போயிருக்கும்.

"பழசெல்லாம் எழுதிக் குடுங்க மேடம், புதுசா வர்றவங்க படிக்கட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் முதலில் அதே தொழிற்சாலையில் லைனில் நின்றவள். விரல் நுனி மரத்துப்போகும்வரை வயர் முனைகளைச் சொருகினேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று டைம் ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து நலப்பிரிவு. என் மகனை மாமியார் பார்த்துக்கொண்டதால், குழந்தையை எங்கே விடுவது என்ற கேள்வி எனக்கு வந்ததே இல்லை. அந்தக் கேள்வியோடு வாழ்கிறவர்களைச் சோதிக்கிற வேலைக்குத்தான் என்னைப் போட்டார்கள்.

எங்கள் தொழிற்சாலைக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் இருந்தது. கிரெச் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் அது திறப்பது காலை எட்டரைக்கு. முதல் ஷிஃப்ட் தொடங்குவது ஆறு மணிக்கு. இடையில் உள்ள இரண்டரை மணி நேரம் யாருடைய கணக்கிலும் இல்லை. லைனில் நிற்பவள் எட்டரைக்கு வெளியே போய்ப் பிள்ளையைக் கூட்டிவந்து விடவும் முடியாது. அதனால் முதல் ஷிஃப்டில் வரும் பெண்கள் வெளியே யாரிடமாவது பிள்ளையை விட்டால், அதற்கு மாதம் ஒரு தொகை கொடுப்பதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதற்குப் பெயர்தான் கிரெச் காசு.

வாங்குவது லேசில்லை. பிள்ளைக்கு ஆறு வயது நிரம்பியிருக்கக் கூடாது. தாயோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். தாய் ஒரு வருடம் வேலை முடித்திருக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் கையெழுத்துப் போட்டு, இரண்டு மாதம் பணம் வாங்கிய ரசீதும் தர வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் நான் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

அந்தப் படிவம் போகும் இடம் எங்கள் நல அலுவலர் தணிகைமணி சாரின் மேசை.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லோரையும், கூட்டுகிற அம்மாவைக்கூட, "ங்க" போட்டுத்தான் பேசுவார். ஆனாலும் தொழிற்சாலையில் மேனேஜரைவிட அவருக்குத்தான் நான் பயந்தேன். பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பார். படிவத்தை மேசையில் விரித்து, முதல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து வாசிப்பார். பிறகு ஒரு வரி இறக்குவார். மறுபடி வாசிப்பார். எதிரே நிற்கிற எனக்கு அந்த ஸ்கேல் என் உடம்பின் மேல் இறங்குவது போல் இருக்கும். ஏதாவது தவறு என்றால் தவறு என்று சொல்லமாட்டார். ஸ்கேல் நின்றுவிடும். "இந்த வரியை இன்னொரு தரம் வாசிங்க" என்பார். அவ்வளவுதான்.

நான் நலப்பிரிவுக்கு வந்த புதிதில், ஒரகடத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து 'எல்லாம் திருப்தி' என்று எழுதிக் கொடுத்தேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மா எனக்கு மோர் எல்லாம் கொடுத்திருந்தார். சார் ஸ்கேலை வைத்தார். நின்றுவிட்டது.

"அந்த வீட்ல கதவு எந்தப் பக்கம் பாத்திருக்குங்க?"

சொன்னேன்.

"அடுப்பு எங்க இருக்கு?"

சொன்னேன்.

"தண்ணி எங்க?"

எனக்குத் தெரியவில்லை. குடம் எங்கே இருந்தது என்று யோசித்தேன்.

"குடிக்கிற தண்ணிய மட்டும் கேக்கலைங்க. மொத்தத் தண்ணியும் எங்க இருக்கு?"

முழித்தேன். "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். அன்றே ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பப் போனேன். வீட்டுக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு தண்ணீர்த் தொட்டி. மூடி இல்லை. மேலே ஒரு பலகை குறுக்கே கிடந்தது. அந்தப் பலகையின் மேல் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து சோறு ஆக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். காலையில் நான் மோர் குடித்தபோதும் அங்கேதான் இருந்திருப்பார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கதவு, அடுப்பு, தண்ணீர் மூன்றையும் பார்க்காமல் எந்த வீட்டையும் விட்டு நான் இறங்கியதில்லை. சார் ஏன் குறிப்பாக அந்த மூன்றைக் கேட்கிறார், அவருக்கு எங்கே என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. பதில் எதுவாக இருக்குமோ என்ற பயம்தான்.

இனி முத்துச்செல்வி.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருபத்தாறு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அப்பா அம்மா இல்லை. நான்கு வயது மகள் தர்ஷினியோடு சுங்குவார்சத்திரத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். லைனில் வேகமான கை. பேச்சு மட்டும் குறைவு. கிரெச் காசுக்கு விண்ணப்பம் கொடுக்க வந்தபோது நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. கீழ் வீட்டில் இருக்கும் சரசு என்கிற அம்மாதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தாள். சரசுவின் கையெழுத்து, இரண்டு ரசீது, கூடவே ஒரு போட்டோ. அவள், குழந்தை, சரசு. மூன்று பேரும் சிரித்துக்கொண்டு.

"பிள்ள நல்லா இருக்குறாளா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கா மேடம். சேட்டையே பண்ணமாட்டா. சொன்ன சொல் கேப்பா" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம். காலை பதினொன்றுக்குச் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் இறங்கினேன். டீக்கடைகளைத் தாண்டிப் பின்பக்கச் சந்து. கீழே இரண்டு வீடு, வெளிப்படி ஏறினால் மேலே வரிசையாக நான்கு அறைகள், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மற்ற அறைகளில் இருப்பவர்கள் எல்லோரும் ஷிஃப்டுக்குப் போய்விடுவார்கள். கீழே சரசு வாசலில் உட்கார்ந்து மீந்துபோன கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

கம்பெனியிலிருந்து வருகிறேன், தர்ஷினி எங்கே என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாத்துக்கு கேக்குற?"

"நீங்கதான பாத்துக்குறீங்க?"

"பாத்துக்கினுதான் இருந்தேன். எம் பொண்ணு பிரசவத்துக்கு வந்துட்டா. ஒரு மாசமா நான் பாக்கல. வியாவாரத்துக்கும் பூடுறேன். ரெண்டு மாச ரசீதுலயும் கையெழுத்து கேட்டுச்சு அந்தப் பொண்ணு, பாவமா இருந்துச்சு, போட்டேன். அதுல தப்பு இன்னா கீது?"

"அப்போ குழந்தை எங்க?"

சரசு கண்ணை மேலே காட்டினார். "வூட்லதான் கீது."

"யார் கூட?"

சரசு ஒரு கீரைக் கட்டை எடுத்து மறுபடி தண்ணீர் தெளித்தார்.

"யார் கூடம்மா?"

"சத்தமே போடாது. நல்ல கொயந்த" என்றார்.

அந்தப் படி பதினான்கோ பதினைந்தோ இருக்கும். இரண்டிரண்டாக ஏறினேன். மூன்றாவது அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. பெரிய பூட்டு. ஜன்னல் கதவு சாத்தியிருந்தது. கூரையிலிருந்து இறங்குகிற வெக்கை முகத்தில் அடித்தது. கதவைத் தொட்டேன், தகரக் கதவு, கை சுட்டது.

"பாப்பா" என்று கூப்பிட்டேன்.

ஒன்றும் இல்லை.

"தர்ஷினி பாப்பா. அம்மாவோட கம்பெனிலேர்ந்து வந்திருக்கேன்டா."

உள்ளே ஏதோ உராய்கிற சத்தம். பிறகு, கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து, பாடம் ஒப்பிக்கிற குரலில், "அம்மா கடைக்குப் போயிருக்கு. பொறவு வாங்க."

கதவை ஒட்டியே அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் முதலில் கூப்பிட்டபோது மூச்சை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

கீழே குனிந்து கதவடி இடுக்கில் வாயை வைத்துப் பேசினேன். "பாப்பா, ஃபேன் ஓடுதா?"

"கரண்டு போயிட்டு."

"தண்ணி குடிச்சியா?"

"தீந்துட்டு."

"எப்போ தீந்துச்சு?"

"அப்பமே."

"அடுப்பு பக்கம் போனியா?"

"போவக் கூடாது. அம்மா சொல்லியிருக்கு." அதே மூச்சில், "ஆன்ட்டி, மேலு சுடுது. தல நோவுது. அம்மா மருந்து குடுத்துச்சு, வாந்தி வந்துட்டு" என்றாள்.

காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். சரசுவைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். கதவடி இடுக்கு விரல்கூட நுழையாத அளவு. தண்ணீரை எப்படிக் கொடுப்பது? ஜன்னலைத் தள்ளினேன், உள்தாழ்ப்பாள். "பாப்பா, ஜன்னலத் தொறக்க முடியுமா?" என்றேன். "எட்டாது" என்றாள்.

தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். லைனில் போன் வைத்திருக்க அனுமதி இல்லை. சூப்பர்வைசரிடம்தான் சொல்ல வேண்டும். "மேடம், இப்ப ஆள எடுத்தா லைன் நிக்கும். டீ பிரேக்ல சொல்றேன்" என்றார். "அவங்க குழந்தைக்கு உடம்பு சரியில்லப்பா" என்றேன். "சொல்லிடுறேன் மேடம், சொல்லிடுறேன்" என்று வைத்துவிட்டார். தணிகைமணி சாருக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வந்திருந்தார்கள், அவர் அந்தக் கூட்டத்தில் இருப்பார் என்று ஞாபகம் வந்தது. சாவி முத்துச்செல்வியிடம். அவள் ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து வர மூன்று மணி ஆகும்.

எங்கள் விதிகளில் ஒன்று, தாய் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் காலை வைக்கக் கூடாது. பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். அவ்வளவுதான். நாளைக்கு நகை காணோம், பணம் காணோம் என்று யாராவது சொன்னால் கம்பெனி பெயர் கெடும் என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். நான் அந்த வாசலில் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஐந்து நிமிடமாவது என் வேலையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

"பாப்பா, பேசிக்கிட்டே இருடா. உன் ஃப்ரெண்டு பேரு என்ன?"

சொன்னாள். ஏதோ ஒரு பெயர். அடுத்த கேள்விக்கு "ம்" என்றாள். அதற்கடுத்த கேள்விக்கு ஒன்றும் வரவில்லை.

"தர்ஷினி."

இல்லை.

"தர்ஷினி! பொறவு வாங்கன்னு சொல்லுடா. ஏதாவது சொல்லு."

அந்த அமைதிக்குப் பிறகு எனக்கு விதி ஒன்றும் ஞாபகம் இல்லை. சரசு கீழே ஓடிப்போய் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நவுரு" என்று என்னைத் தள்ளிவிட்டு அவர்தான் முதல் அடி அடித்தார். பூட்டு அசையவில்லை. நான் வாங்கி அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. பூட்டு உடையவில்லை, அது மாட்டியிருந்த கொண்டிதான் கதவிலிருந்து பிய்ந்துகொண்டு வந்தது.

குழந்தை கதவுக்குப் பின்னாலேயே சுருண்டு கிடந்தாள். கதவைத் தள்ளியபோது அவள் உடம்பில் தட்டியது. தூக்கினேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கொதித்தாள். கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. வியர்வையே இல்லை. உதடு வெடித்திருந்தது. அறைக்குள் ஒரு பாய், ஒரு காலி பாட்டில், மூடி வைத்த சோறு. ஸ்டவ் உயரமான பலகையில், ரெகுலேட்டர் கழற்றி. அந்தப் பெண் தன்னால் முடிந்தவரை எல்லாவற்றையும் யோசித்துத்தான் பூட்டியிருக்கிறாள்.

பஸ் நிறுத்தத்துப் பக்கம் ஒரு சின்ன கிளினிக். சரசு முன்னால் ஓட, நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் குழந்தையின் கை என் தோளிலிருந்து நழுவித் தொங்கியது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

உயிர் இருந்தது. டாக்டர் அம்மா ஈரத்துணி சுற்றி, கையில் ஊசி குத்தி, சலைன் ஏற்றினார். பிறகு நிமிர்ந்து, "யாருங்க நீங்க? அம்மா எங்க?" என்று கேட்டார்.

"வேலைக்குப் போயிருக்காங்க."

"யார் பாத்துக்குறது இவள?"

சரசு சுவரைப் பார்த்தார். டாக்டர் கேட்கும் தொனியே வேறாக இருந்தது. போலீஸ், குழந்தையைப் பிடித்து வைத்துக்கொள்வது, பேப்பரில் வருவது என்று என் மனம் எங்கெங்கோ ஓடியது.

"நான்தான் பாத்துக்குறேன்" என்றேன். அவர்கள் நோட்டில் என் பெயரை எழுதி நானே கையெழுத்தும் போட்டேன். ஊரார் கையெழுத்து உண்மையா பொய்யா என்று சோதிக்கிற வேலையில் இருந்தவள் போட்ட பொய்க் கையெழுத்து.

பகல் மூன்றேகாலுக்கு முத்துச்செல்வி கிளினிக் வாசலில் வந்து நின்றாள். கம்பெனி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சூப்பர்வைசர் அவளிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை, மறந்துவிட்டாராம். அறைக்குப் போய், உடைந்த கதவையும் காலி அறையையும் பார்த்து, தெருவில் கத்திக்கொண்டு ஓடியவளை டீக்கடைக்காரர்தான் இங்கே அனுப்பியிருக்கிறார்.

உள்ளே வந்தவள் கட்டிலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அப்படியே என் காலில் விழுந்தாள்.

"எழுதிராதீங்க மேடம். மேடம், எழுதிராதீங்க. வேல போயிரும் மேடம். இனும பூட்டமாட்டேன், சத்தியமா பூட்டமாட்டேன். எழுதிராதீங்க."

"மொதல்ல குழந்தையப் பாரும்மா" என்றேன். அப்புறம்தான் திரும்பினாள். திரும்பியவள் அந்தச் சலைன் பாட்டிலைப் பார்த்ததும் சத்தமே வராமல் வாயைத் திறந்து அழுதாள்.

அன்று அவள் சொன்னது இதுதான். சரசு நின்றதும் வேறு ஆள் தேடியிருக்கிறாள். எல்லோரும் முன்பணம் கேட்டார்கள். கிரெச் காசு வந்தால் கொடுத்துவிடலாம். ஆனால் கிரெச் காசு வர, ஏற்கெனவே ஆள் வைத்துப் பணம் கொடுத்ததற்கு ரசீது வேண்டும். "ஆள் வைக்கதுக்குத்தான மேடம் துட்டு கேக்கேன். ஆள் வச்சிருந்தாத்தான் துட்டுன்னா நான் எங்க போவேன்?" என்றாள். அந்தப் படிவத்தை எத்தனை முறை நிரப்பியிருப்பேன்! எனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து படிவத்தை எழுத உட்கார்ந்தேன். எல்லாக் கட்டமும் நிரப்பினேன். ஏழாவது கட்டம்: 'பார்வையிடும்போது குழந்தையுடன் இருந்தவர் யார்?' அதை மட்டும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை சார் ஸ்கேலை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் நின்றது.

"இந்த வரியை இன்னொரு தரம் வாசிங்க."

வாசித்தேன்.

"பதில் இல்லையே."

எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, குழவி, கிளினிக்கில் போட்ட கையெழுத்து வரைக்கும். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் "தண்ணி தீந்து எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். ஸ்கேல் வரியை விட்டுக் கோணலாக நகர்ந்திருந்தது, அவர் அதை நேராக்கவில்லை. அவரும் பயப்படுகிற மனிதர் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்ததும் ஆறுதல் வரவில்லை. இன்னும் பயமாகத்தான் இருந்தது.

"இதை எழுதினா பொய் ரசீது குடுத்ததுக்கு அந்தப் பொண்ணுக்கு வேலை போகலாம். எழுதலைன்னா நாளைக்கும் அந்தக் கதவுல பூட்டுத் தொங்கும். ரெண்டுக்கும் நாமதான் பொறுப்பு" என்றார். என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

நான் நின்றபடியே எழுதினேன். 'யாரும் இல்லை. குழந்தை காய்ச்சலுடன் பூட்டிய அறையில் தனியாக இருந்தது. கதவை உடைத்தது நான்.' கீழே இடம் இருந்தது. 'கையில் பணம் இல்லாதவருக்கு ரசீது காட்ட வழியில்லை. இந்த விதி இருக்கும்வரை இன்னொரு கதவும் இப்படிப் பூட்டப்படும்' என்றும் எழுதினேன். அவர் அதற்குக் கீழே ஸ்கேலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து 'நானும் இதையே சொல்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நிர்வாகத்திடமிருந்து பதில் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் சரியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டால் அவளுக்கு முன்னால் என் வேலை போகும் என்று என் வீட்டுக்காரர் தினமும் சொன்னார்.

அந்த ஒன்பது நாளில் குழந்தை எங்கே இருந்தாள் என்பதையும் எழுத வேண்டும். முதல் இரண்டு நாள் முத்துச்செல்வி லீவு போட்டாள். மூன்றாம் நாள் நான் ஆறரை மணிக்கே தொழிற்சாலைக்குப் போனேன். கிரெச்சில் விளக்கு எரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், யானைப் படம் போட்ட சுவருக்குக் கீழே, குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க தணிகைமணி சார் உட்கார்ந்து கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பாயில் தர்ஷினி தூங்கினாள். அவள் தலைமாட்டில் வரிசையாக மூன்று தண்ணீர் பாட்டில்கள். ஐந்தே முக்காலுக்கே வந்து தன் பொறுப்பில் கதவைத் திறந்திருக்கிறார். அதற்கும் அனுமதி இல்லை.

"நீங்க ஏங்க இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டார்.

"நீங்க சார்?"

கோப்பில் ஒரு பக்கம் திருப்பினார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. முத்துச்செல்விக்கு எச்சரிக்கைக் கடிதம், வேலை போகவில்லை. எனக்கும் ஒரு கடிதம், இனி விதியை மீறக் கூடாது என்று. ரசீது விதியை எடுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு மாதத்துக்கு நலப்பிரிவு எழுதிக் கொடுத்தால் ரசீது இல்லாமலே தொகை தரலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியின்படி தொகை வாங்கிய முதல் பெயர் அவளுடையது. அடுத்த தெருவில் தேவகி என்று ஓர் அம்மா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தார். மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்த்தேன். கதவு திறந்திருக்கும், ஃபேன் ஓடும், குழந்தை தட்டில் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தத் தெரு திரும்பும்போது என் கண் முதலில் கதவில் பூட்டைத்தான் தேடும். வேறு வீடுகளிலும் அப்படித்தான். பூட்டிய கதவைப் பார்த்தால், வீட்டில் யாரும் இல்லை என்று திரும்பி வர என்னால் முடியாமல் போனது. கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வருவேன். பார்ப்பவர்கள் திருடி என்று நினைத்திருப்பார்கள்.

முத்துச்செல்வி அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. கேன்டீனில் நான் தட்டோடு எதிரே வந்தால், பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவாள். நன்றி எதிர்பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் வலித்தது. சார் ஓய்வு பெற்றுப் போனார். எனக்கும் முறை வந்தது.

என் கடைசி நாளன்று எல்லோரும் மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்து முடித்தபிறகு, நான் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். முத்துச்செல்வி கதவருகே நின்றாள். இப்போது அவள் லைன் லீடர்.

"உள்ள வாம்மா" என்றேன்.

வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நாளைலயிருந்து நீங்க வரமாட்டீங்கல்லா மேடம். அதான் பேச வந்தேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஒங்களப் பாத்தா பயம் மேடம். இத்தன வருஷமும். திரும்பவும் ஏதாவது எழுதிருவீகளோன்னு. இன்னைக்கோட அது இல்லல்லா." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அன்னைக்கு மாடியேறி வந்து கதவு ஒடஞ்சு கெடந்ததப் பாத்தேம்லா, அப்ப நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? திருடனா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். ஆபீஸ்காரவுகளா இருக்கக் கூடாது, திருடனா இருக்கணும்னு. திருடன்னா துட்ட எடுத்துட்டுப் போவான். பிள்ளைய விட்டுட்டுப் போயிருவாம்லா."

காலி மேசையின் இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வெளியே ஷிஃப்ட் விட்ட கூட்டம் பஸ்ஸுக்குப் போகும் சத்தம் கேட்டது. "பாப்பா என்ன படிக்கிறா?" என்று கேட்டேன்.

"மூணாங் கிளாஸ்" என்றாள், என் முகத்தை நேராகப் பார்த்து.